ஹோட்டல் வேலையில் அடிபடாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஹோட்டல்களில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அறை சுத்தம் செய்பவளாகச் சேர்ந்து, இப்போது புதிதாக வருபவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 2023 செப்டம்பர் முதல் அறைப் பராமரிப்புக்கும் போர்ட்டர் வேலைக்கும் இந்தியாவிலிருந்து ஒர்க் பர்மிட்டில் ஆள் எடுக்கலாம் என்று ஆனபின், தமிழ் பேசும் தம்பி தங்கைகள் பலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். பயிற்சி அறையில் கையைத் தூக்கிக் கேட்கத் தயங்கும் அவர்கள், பிறகு சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரில் சாப்பாட்டுக் கடையையும் ஹோட்டல் என்றுதான் சொல்வோம். இங்கே நான் சொல்வது தங்கும் விடுதியை. ஆனாலும் சமையலறை பற்றிய பதில்கள் உணவகங்களில் வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும்.

அக்கா, இது என்ன கட்டுமானத் தளமா? ஏசி போட்ட இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

விருந்தினர் பார்க்கும் ஹோட்டல் வேறு, நாம் வேலை செய்யும் ஹோட்டல் வேறு. வரவேற்புக் கூடத்தில் கம்பளமும் பூச்சாடியும் இருக்கும். ஊழியர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஈரமான ஓட்டுத் தரை, கொதிக்கும் எண்ணெய், சுழலும் மாவு இயந்திரம், அடுக்கி வைத்த இரசாயனக் கலன்கள், மார்பு உயரத்துக்குத் துணி ஏற்றிய தள்ளுவண்டி என்று எல்லாம் ஒரே நடைபாதையில் இருக்கும். வழுக்கியும் தடுக்கியும் விழுவது, கத்தி வெட்டு, தீக்காயம், முதுகுப் பிடிப்பு ஆகிய நான்கும்தான் என் அனுபவத்தில் நம்மை அதிகம் படுக்க வைப்பவை. வழுக்கி விழுவது ஹோட்டலுக்கு மட்டும் உரியதன்று. மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் வேலையிடக் காயப் புள்ளிவிவரங்களில் அது தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது.

சட்டமும் நம் வேலையை ஆபத்தில்லாத வேலையாகக் கருதவில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. 2011 செப்டம்பர் முதல் அது எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. கப்பல் பட்டறையில் வேலை செய்பவருக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு, பதினெட்டாவது மாடியில் படுக்கை விரிப்பவருக்கும் உண்டு.

ரத்தம் வந்தால்தானே விபத்து? கால் சறுக்கி, விழாமல் சமாளித்துவிட்டால் அதையும் போய்ச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பிலேயே நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். அடிபடாமல் தப்பித்த நிகழ்வும், அடிபட்ட நிகழ்வும் ஒரே காரணத்தால்தான் நடக்கின்றன. இடையில் இருப்பது அரை அடித் தூரமோ அரை நொடியோதான். இன்று நீங்கள் சமாளித்த இடத்தில் நாளை ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் கால் வைப்பார்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பாத்திரம் கழுவும் பகுதியில் வடிகாலின் இரும்பு மூடி ஒரு மூலையில் சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. அதில் இடறியவர்களில் நானும் ஒருத்தி. எல்லாரும் "பார்த்து நடங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோமே தவிர, யாரும் மேலே எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம், இரு கைகளிலும் தட்டுகளை அடுக்கி எடுத்து வந்த ஒருவர் அதில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்று மாலையே மூடியை மாற்றிவிட்டார்கள். அந்த வேலைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இருபது நிமிடத்தை நான் முன்பே கேட்டு வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

தரை ஈரமாக இருக்கிறது என்று மஞ்சள் பலகை வைக்கிறோமே, அது போதாதா?

பலகை எச்சரிக்கும், தரையை உலர்த்தாது. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, வேறு முறைக்கு மாற முடியுமா, ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஏதாவது தடுப்பு வைக்க முடியுமா என்று வரிசையாகப் பார்த்து, அதன் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் பலகையும் கையுறையும். எனவே முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

ஐஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அள்ளும்போது நாலு கட்டிகள் கீழே சிதறும். கண்ணாடி போல இருப்பதால் தெரியாது. பத்து நிமிடத்தில் உருகி, உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீராக நிற்கும். அங்கே பலகை வைப்பதைவிட, இயந்திரத்தின் முன்னால் நீர் இழுக்கும் தடித்த விரிப்பைப் போட்டு, பக்கத்திலேயே ஒரு துடைப்பானைத் தொங்கவிடுவது பயன் தரும். சோப்புத் திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் தரை நன்றாகச் சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் ஊற்றிய சோப்பு காய்ந்து மெல்லிய படலமாகப் படிந்து, அடுத்த முறை ஈரம் பட்டதும் எண்ணெய் போல வழுக்கும். காலணியின் அடிப்பாகத்தையும் மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் புதியது கேளுங்கள்.

ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று கணக்கு இருக்கிறது. இதில் முதுகை நேராக வைத்துக் குனி, முட்டியை மடக்கு என்றால் நடக்கிற காரியமா?

நியாயமான கேள்வி. முறையாகக் குனிவதற்கு அதிக நேரம் ஆகும் என்ற எண்ணம்தான் தடையாக இருக்கிறது. மெத்தையின் மூலையில் விரிப்பைச் செருகும்போது இடுப்பை வளைத்து ஒற்றைக் கையால் மெத்தையைத் தூக்குவதற்குப் பதிலாக, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மெத்தையைச் செருகுமளவுக்கு மட்டும் உயர்த்தினால் போதும். மெத்தையைத் தாங்கிப் பிடிக்கும் ஆப்புப் போன்ற பிளாஸ்டிக் கருவியும் உண்டு. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கட்டிலைச் சுற்றும் நடையும் மிச்சமாகும். பெரிய கட்டிலின் கனத்த போர்வை உறையை இருவராகச் செய்யுங்கள்.

தள்ளுவண்டியை இழுக்காமல் தள்ளுங்கள். துணி அடுக்கு உங்கள் கண்ணை மறைக்கக் கூடாது. சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டால் வண்டியின் பாரம் இருமடங்காகத் தெரியும். அதைச் சுத்தம் செய்யச் சொல்லிப் பொறியியல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பதும் முதுகைக் காப்பதுதான். குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று மேல் ஓடுகளைத் தேய்ப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். நீண்ட பிடியுள்ள தூரிகையைக் கேளுங்கள், தயவுசெய்து ஏறாதீர்கள்.

அறைகளின் எண்ணிக்கையே தாங்க முடியாததாக இருந்தால், அதுவும் சொல்ல வேண்டிய ஆபத்துதான். ஒவ்வொரு வேலைக்கும் ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை. குறைந்தது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், விபத்து நடந்தாலோ வேலைமுறை மாறினாலோ உடனேயும் அதைத் திருத்த வேண்டும். முதுகுவலி வந்தவர்களின் பெயரும் தேதியும் பதிவாகியிருந்தால்தான் அந்த மதிப்பீட்டில் அறை எண்ணிக்கை பேசப்படும்.

பிளீச்சையும் டாய்லெட் கறை நீக்கும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்று சீனியர் சொன்னார். உண்மையா?

ஒருபோதும் செய்யாதீர்கள். பிளீச்சுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் இல்லாத சிறிய குளியலறையில், தொட்டிக்கு மேலே குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் மூக்குக்கும் அந்த வாயுவுக்கும் ஒரு முழம்தான் தூரம். கண் எரியும், தொண்டை அடைக்கும், மார்பு இறுகும். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானுடன் பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். "நான் ஒன்றாகக் கலக்கவில்லை, ஒன்றை ஊற்றிக் கழுவாமல் அடுத்ததை ஊற்றினேன்" என்பார்கள். தொட்டிக்குள் அது கலவைதான். உப்புக்கறை நீக்கும் திரவம், குழாய் அடைப்பு நீக்கி, ஓட்டு மெருகுத் திரவம் இவற்றில் எது அமிலம், எது காரம் என்பது நிறத்தையோ வாசனையையோ வைத்துத் தெரியாது. போத்தலில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

தெரியாமல் கலந்துவிட்டால், அதன்மேல் எதையும் ஊற்றாமல், குனிந்து முகர்ந்து பார்க்காமல் உடனே வெளியே வந்து, கதவைச் சாத்தி, யாரையும் உள்ளே விடாமல் தகவல் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால், ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் உரிய 995-ஐ அழைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

இதைவிடப் பெரிய அச்சம் எனக்கு ஒன்று உண்டு. பெரிய கலனிலிருந்து திரவத்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வண்டியில் வைத்துக்கொள்கிறார்கள். நிறமில்லாத திரவம், தெரிந்த போத்தல், தாகத்தோடு வருபவர். மேலே சொல்லத் தேவையில்லை. ஹோட்டல் கொடுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிய தெளிப்பான் போத்தலைத் தவிர வேறெதிலும் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது அதன் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் தாள், இருக்க வேண்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் கைமேல் திரவம் சொட்டும் படம் இருந்தால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்று பொருள்.

குப்பைப் பை நிறைந்துவிட்டால் கையால் அமுக்கி இடம் பண்ணுகிறோம். அதில் என்ன தப்பு?

பைக்குள் உடைந்த கண்ணாடி, சவர அலகு, சில நேரம் விருந்தினர் இன்சுலின் போட்டுக்கொண்ட ஊசி இருக்கும். பையை அமுக்கக் கூடாது, உடம்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளித் தூக்க வேண்டும். படுக்கை விரிப்பையும் அள்ளிச் சுருட்டாமல், மேலிருந்து கீழாக மடித்துப் பார்த்துக்கொண்டே எடுங்கள்.

ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். வாயால் உறிஞ்சக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்து தேவையென்று அவர் கருதினால், அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் எதுவுமில்லை.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறார்கள். நெருப்பை அணைப்பது தண்ணீர்தானே?

எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது சட்டியின் அடிக்குப் போகும். அங்குள்ள சூட்டில் ஒரு நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி, எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே தூக்கி எறிய, சட்டியளவு இருந்த தீ கூரை வரை எழும். செய்ய வேண்டியது எரிவாயுவை அடைப்பது, தீப்போர்வையாலோ மூடியாலோ மூடுவது, அல்லது சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள ஈர இரசாயன அணைப்பானைப் பயன்படுத்துவது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. தீ உங்கள் கைக்கு மீறிவிட்டால் எச்சரிக்கை மணியை அழுத்தி, எல்லாரையும் வெளியேற்றி, 995-ஐ அழையுங்கள். மின்தூக்கியில் ஏறாதீர்கள்.

சுட்டுக்கொண்டால் பற்பசை தடவலாமா? ஊரில் மாவு, மஞ்சள் எல்லாம் போடுவோம்.

எதையும் தடவ வேண்டாம். குழாயைத் திறந்து, குளிர்ந்த ஓடும் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு உணவு சுற்றும் சுத்தமான மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே வைத்து மருத்துவரிடம் போகலாம். பற்பசையும் மஞ்சளும் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்வதோடு, மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் தடையாகின்றன.

வெட்டுப்படாமல் இருக்கும் கையுறை போட்டுக்கொண்டால் எந்த இயந்திரத்திலும் கை வைக்கலாம்தானே?

இல்லை, இது ஆபத்தான எண்ணம். இறைச்சி சீவும் இயந்திரத்தின் அலகை, மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத் துடைக்கும்போது அந்தக் கையுறை உதவும். மாவு பிசையும் இயந்திரம் சுழலும்போதோ கையுறைதான் முதலில் சிக்கி, பின்னால் விரலையும் கையையும் இழுத்துக்கொண்டு போகும். சுழலும் இயந்திரத்துக்குத் தேவை கையுறை அல்ல, அதன் பாதுகாப்பு மூடி. மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். வேகத்துக்காக அந்த அமைப்பைச் செயல்படாதபடி கட்டிவைத்திருந்தால் இயந்திரத்தைத் தொடாமல் தெரிவியுங்கள். வேண்டுமென்றே பாதுகாப்பு அமைப்பைப் பழுதாக்குவது ஊழியரின் மேலும் குற்றமாகும்.

கத்தி நழுவினால் பிடிக்கப் போகாமல் காலை விலக்கிக்கொள்ளுங்கள். சோப்பு நுரை நிறைந்த தொட்டிக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்து கை விடுபவருக்கு அது தெரியாது.

குளிர்பதன அறைக்குள் கதவு மூடிக்கொண்டால் என்ன செய்வது?

உள்ளிருந்தே தள்ளித் திறக்கும் பிடி கதவில் இருக்கும். அது வேலை செய்கிறதா என்று உள்ளே போவதற்கு முன் அழுத்திப் பாருங்கள். தனியாகப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

விருந்து மண்டபத்தில் விளக்கு எரியவில்லை என்றால் நாற்காலியை அடுக்கி ஏறிவிடுகிறோம். இரண்டு நிமிட வேலைக்கு ஏணி தேட வேண்டுமா?

தேட வேண்டும். விருந்து நாற்காலி அடுக்கி வைப்பதற்காகச் செய்யப்பட்டது, ஏறி நிற்பதற்காக அல்ல. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்துப்பூர்வமான வேலை அனுமதி வேண்டும் என்று உயரத்தில் வேலை செய்வது பற்றிய விதிகள் சொல்கின்றன. மண்டபக் கூரை பெரும்பாலும் அதைவிட உயரம். அது பொறியியல் பிரிவின் வேலை. மேலாளர் அவசரப்படுத்தினாலும் அவர்களை அழையுங்கள்.

அடிபட்டால் முதலில் கிளினிக்குக்குப் போவதா, சூப்பர்வைசரிடம் சொல்வதா?

உயிருக்கு ஆபத்தென்றால் 995 முதலில், மற்றவையெல்லாம் பிறகு. அப்படியில்லை என்றால் முதலுதவியாளரை அழையுங்கள். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் அன்றைய டியூட்டி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள்: எத்தனை மணிக்கு, எந்த மாடியில், என்ன செய்துகொண்டிருந்தபோது, யார் பார்த்தார்கள். முடிந்தால் இடத்தை ஒரு படம் எடுத்துவையுங்கள்.

மருத்துவரிடம் "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பலர் "சும்மா கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் என்ன எழுதப்படுகிறதோ, பின்னால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் அமைச்சுக்கு ரிப்போர்ட் போகுமாம். அதனால் எம்சி வேண்டாம், லைட் டியூட்டி (இலகுவான வேலை) செய் என்கிறார்கள். சரியா?

சரியில்லை, அவர்கள் நினைப்பது போல அது பயன்படவும் செய்யாது. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், எம்சி இல்லாமல் லைட் டியூட்டி மட்டும் எழுதினாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். விபத்து பற்றித் தெரிந்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். எத்தனை நாள் ஓய்வு என்று முடிவு செய்பவர் மருத்துவர், சூப்பர்வைசர் அல்லர்.

ஆண்டு விடுப்பிலிருந்து கழித்துக்கொள்வதாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையில் அடிபட்டதற்கான விடுப்பு தனி.

என் கவனக்குறைவால்தான் விழுந்தேன். எனக்கு இழப்பீடு கேட்கத் தகுதி இருக்கிறதா?

இருக்கிறது. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டிருந்தால் போதும். மதுவோ போதைப்பொருளோ காரணமாக நேர்ந்த காயம், சண்டையில் பட்ட காயம் போன்றவை பொதுவாக விலக்கு. மற்றவரைத் தாக்காமல் தற்காத்துக்கொண்டவருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

வெளிநோயாளி எம்சியாக இருந்தால் முதல் 14 நாள்களுக்கும், மருத்துவமனை விடுப்பாக இருந்தால் முதல் 60 நாள்களுக்கும் முழுச் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டு வரை. லைட் டியூட்டியில் சம்பளம் குறைந்தாலும் இதே கணக்கில் ஈடு செய்ய வேண்டும். மருத்துவச் செலவை ஓராண்டு வரையோ உச்சவரம்பு வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை முதலாளி ஏற்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நேரும் விபத்துகளுக்கு அந்த வரம்பு 53,000 சிங்கப்பூர் வெள்ளி. நிரந்தரக் குறை ஏற்பட்டால் அதற்குத் தனி இழப்பீடு உண்டு. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்.

நான் ஏஜென்சி ஆள். ஹோட்டல் ஏஜென்சியைக் கை காட்டுகிறது, ஏஜென்சி ஹோட்டலைக் கை காட்டுகிறது. யாரைப் பிடிப்பது?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இழப்பீட்டுக்கும் எம்சி சம்பளத்துக்கும் பொறுப்பு, உங்களோடு வேலை ஒப்பந்தம் செய்து சம்பளம் கொடுப்பவர். பெரும்பாலும் அது ஏஜென்சி. உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அவர் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டாலும் பணம் கொடுக்கும் பொறுப்பு அவரை விட்டுப் போகாது. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு ஹோட்டலுக்கும் உண்டு. ஆகவே நான் முன்னே சொன்ன குறுஞ்செய்தியை இரண்டு பக்கத்து மேற்பார்வையாளர்களுக்கும் அனுப்புங்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஊழியருக்கும் இது பொருந்தும். தம் பொறுப்பில் வேலை எடுத்துச் செய்யும் சுயதொழில் ஒப்பந்தக்காரருக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் கேட்டால் ஒர்க் பர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாக்கி இருக்கும், வீட்டில் தங்கையின் படிப்பு இருக்கும். பயப்படாதே என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வராது. எனவே உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பர்மிட் இரத்தானாலும், வேலையை விட்டாலும், இழப்பீடு கோரும் உரிமை போகாது. கோரிக்கை நடக்கும்போது இங்கே தங்கச் சிறப்பு அனுமதி அட்டை கொடுக்கப்படுவதுண்டு. பாதுகாப்புக் குறையை அமைச்சின் அதிகாரிக்குத் தெரிவித்ததற்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதோ மிரட்டுவதோ வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி குற்றம்.

சம்பளச் சீட்டு, எம்சி, மருத்துவ ரசீது, மேலே சொன்ன குறுஞ்செய்தி எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். முதலாளி தெரிவிக்க மறுத்தால் நீங்களே மனிதவள அமைச்சிடம் நேராகத் தெரிவிக்கலாம்.

விருந்தினர் கையைப் பிடித்து இழுத்தார். இதுவும் பாதுகாப்பில் சேருமா, இல்லை பொறுத்துப் போக வேண்டுமா?

பொறுத்துப் போகத் தேவையில்லை. வேலை செய்யும்போது ஒரு மனிதரால் வரும் ஆபத்தும் ஆபத்துதான். அறைக்குள் வேலை செய்யும்போது கதவைத் திறந்து வைத்து, வண்டியை வாசலில் நிறுத்துங்கள். விருந்தினர் உள்ளே இருந்தால் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். தொட்டாலோ தடுத்தாலோ வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வெளியேறி, பாதுகாவலரை அழையுங்கள், தேவையென்றால் காவல்துறையின் 999. துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் இங்கே 2014 முதல் இருக்கிறது. அந்த அறைக்கு உங்களை மறுபடியும் தனியாக அனுப்பக் கூடாது என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

குறையைச் சொன்னோம், ஒரு வாரமாகச் சரி செய்யவில்லை. அதுவரை அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா?

உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று அந்த நேரமே சொல்லுங்கள். சொல்லாமல் விலகிப் போனால் வேலைக்கு வராதது போல ஆகிவிடும், உங்களுக்குப் பதில் வேறொருவரும் அங்கே அனுப்பப்படுவார். மற்ற வேலைகளைச் செய்யத் தயார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் கேட்கவில்லை என்றால் பாதுகாப்புக் குழு, அதற்கும் மேலே பொது மேலாளர், தொழிற்சங்கம் இருந்தால் சங்கம். அதிலும் நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சுக்குப் படத்தோடு அனுப்பும் ஸ்னாப்சேஃப் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சேரும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு, 1986 மார்ச் 15 அன்று இடிந்து 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டட வடிவமைப்பில் இருந்த பிழைதான் காரணம். அதை ஊழியர் யாரும் சரி செய்திருக்க முடியாது. ஆனால் இடிவதற்கு முன்பே தூண்களில் விரிசல் தெரிந்தது. லிட்டில் இந்தியாவில் அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம், கண்ணில் பட்டதை உரியவரிடம் சொல்லி, அவர் நடவடிக்கை எடுக்கும்வரை தொடர்ந்து கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. புரிந்ததா என்றார்கள், தலையாட்டிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

திரும்பப் போய்க் கேளுங்கள், ஒரு மாதம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. ஊழியருக்குத் தேவையான பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை. புரியாத மொழியில் நடந்த பயிற்சி அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றத்தின் சுவரொட்டிகளும் கையேடுகளும் பல தமிழிலும் வருகின்றன. உங்கள் பேண்ட்ரியில் (மாடியில் பொருள்கள் வைக்கும் அறையில்) ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். "புரியவில்லை" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "ஒருமுறை செய்து காட்டுங்கள், நான் பார்த்துச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்த மொழிக்காரரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

நான் இப்போது யாரிடமும் "புரிந்ததா" என்று கேட்பதில்லை. இரசாயனப் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்து, "இதில் எந்த இரண்டைச் சேர்க்கக் கூடாது, எடுத்துத் தனியாக வை" என்கிறேன். போன வாரம் சேர்ந்த தங்கை ஒருத்தி முதலில் தவறான போத்தலை எடுத்தாள். பின்னால் இருந்த சீட்டைத் திருப்பிப் படித்துவிட்டு, அதை வைத்துவிட்டுச் சரியானதை எடுத்தாள். அதன் பிறகுதான் பயிற்சித் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.